மோட்டாரை மேலே தூக்கும் முன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்

போர்வெல் மோட்டார் விஷயத்தில் 9,850 ரூபாய் விட்டிருக்கிறேன். அதுவும் நாட்டின் முதல் மின்மோட்டாரை 1937-ல் செய்த ஊர் என்று பெருமை பேசும் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பச்சைப் பொத்தானை அமுக்கினால், எப்போதும் 7-ல் வந்து நிற்கும் ஆம்பியர் முள் 20-ஐத் தாண்டி ஏறி அங்கேயே நிற்கிறது. பெட்டிக்குள் ஓர் உறுமல். நாலைந்து நொடியில் ட்ரிப். வோல்ட் 220 காட்டுகிறது, அதில் குறையில்லை. தெருமுனைக் கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

வந்தவர் ஒருமுறை பொத்தானை அமுக்கிப் பார்த்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. "காயில் போச்சுங்க. தூக்கித்தான் ஆகணும்." அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி போய்விட்டது, போருக்குள்ளிருந்து மோட்டாரை வெளியே எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் தண்ணீர் இல்லை, விருந்தாளி வேறு. சரி என்றேன். மூன்று பேர் சேர்ந்து இழுக்க, 260 அடி கருப்பு பைப் எங்கள் வாசலைத் தாண்டி நாலாவது வீடு வரைக்கும் தெருவில் கிடந்தது. மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓடியது.

துண்டுச் சீட்டில் பில்: தூக்கி இறக்க 3,000, காயில் கட்ட 4,800, புஷ் 900, கேபிள் ஜாயிண்ட் 650. கடைசி வரியில், சின்ன எழுத்தில், கண்டென்சர் 2, ரூ. 500. அந்தக் கடைசி வரியை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை.

ஜூனில் அதே கதை. அதே உறுமல், அதே ட்ரிப். இந்த முறை பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டேன். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, மோட்டார் கிளம்ப உதவும் ஸ்டார்ட் கண்டென்சர் தலை வீங்கி, பிசின் மாதிரி ஏதோ வழிந்திருந்தது. கடைக்குப் போய் அதே மைக்ரோபாரடு அளவில் ஒன்று வாங்கிவந்தேன், 180 ரூபாய். மாட்டியதும் முள் ஏறி இறங்கி 7-ல் நின்றது.

"போன தடவை மெக்கர் வச்சுப் பார்த்தாங்களா தம்பி?" என்றார். மெக்கர் என்றால் மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர். இல்லை, வைக்கவில்லை. "பழைய காப்பர் கம்பியைக் குடுத்தாங்களா?" அதுவும் இல்லை. காயில் உண்மையிலேயே மாற்றினால் பழைய செம்பு நம்முடையது, எடைக்குப் போட்டாலே காசு. அப்போதுதான் பையன் எடுத்த படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. தூக்கிய அன்று ஒன்று, இறக்கும் முன் ஒன்று. மோட்டாரின் தலைப்பக்க போல்ட்டுகளில் படிந்திருந்த காவிக்கறை இரண்டிலும் அச்சாக அப்படியே இருக்கிறது. ஸ்பேனர் பட்ட கீறல்கூட இல்லை. பிரிக்காத மோட்டாருக்குள் எப்படிக் காயில் கட்டினார்களோ! போன் செய்தேன். முதலில் "வந்து பாக்கறனுங்க" என்றார், அப்புறம் எடுப்பதே இல்லை.

மாமா சொன்னதில் எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். முள் எகிறி, உறுமி, ட்ரிப் ஆனால் முதலில் வோல்டேஜ், அடுத்து கண்டென்சர். இரண்டும் சரியாக இருந்தால்தான் மணல் சிக்கி பம்ப் இறுகியதா, காயிலா என்று யோசிக்க வேண்டும். காயிலைச் சோதிக்க மோட்டாரை வெளியே எடுக்கவே வேண்டாம். பெட்டிக்கு வரும் மூன்று வயர்களைக் கழற்றி, மெக்கரில் எர்த்தோடு வைத்துப் பார்த்தால் காயிலோ கேபிளோ கசிகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு சாதாரண மீட்டரில் வயர்களை இரண்டிரண்டாக வைத்து ஓம்ஸ் (மின்தடை) பார்த்தால் மூன்று அளவுகள் வரும். சின்ன அளவுகள் இரண்டையும் கூட்டினால் பெரிய அளவு வர வேண்டும். முள் வழக்கம்போல நின்றும் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லையா, பைப் ஓட்டையாக இருக்கலாம். போர் வாயில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும். முள் வழக்கத்தைவிடக் கீழே விழுந்து, குழாயில் காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. உடனே அணைத்துவிடுங்கள், தண்ணீர் இல்லாமல் ஓடினால் அப்போதுதான் நிஜமாகவே காயில் போகும்.

ஆனால் நீங்களே பெட்டிக்குள் கைவிடாதீர்கள். கரண்டை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும், அடித்தால் தூக்கிப்போடும். தெரிந்த ஆளை வைத்துப் பாருங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

மூன்றே மாதத்தில் புதுக் கண்டென்சர் ஏன் போனது என்பதையும் மாமாதான் கண்டுபிடித்தார். எங்கள் பெட்டியில் பச்சைப் பொத்தானை அமுக்கியிருக்கும் வரைக்கும் ஸ்டார்ட் கண்டென்சர் வேலை செய்யும். ஓரிரு நொடிக்கு மேல் அதற்குத் தாங்காது. எங்கள் அம்மா, மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிற வரைக்கும் விரலை எடுக்க மாட்டார்! வந்த ஆள் இதை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இப்போது பெட்டி மேல் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: 'ரெண்டு எண்ணியதும் விடவும்'. அம்மா அஞ்சு வரைக்கும் எண்ணுகிறார்.