காருக்குள் கிடக்கும் மைல் நோட்டு

2021-இல் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கத் தொடங்கியபோது, தூரம் எவ்வளவானாலும் டெலிவரிக்கு 5 டாலர் என்று வைத்திருந்தேன். கார் செலவைத்தான் வரியில் கழித்துக்கொள்ளலாமே என்ற தைரியம். அது அசட்டுத் தைரியம் என்று புரிவதற்குள் இரண்டு வரிக் காலங்கள் ஓடிவிட்டன.

அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர் கார் செலவை இரண்டு வழிகளில் காட்டலாம். பெட்ரோல், பழுது, இன்ஷூரன்ஸ், தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி, அதில் தொழிலுக்கான பங்கைக் கழிப்பது ஒன்று. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் அறிவிக்கும் மைல் விகிதத்தைப் பயன்படுத்துவது மற்றொன்று. 2021-இல் மைலுக்கு 56 சென்ட். 2025-இல் 70 சென்ட். சொந்தக் கார் என்றால், தொழிலில் இறக்கிய முதல் ஆண்டிலேயே மைல் விகிதத்தை எடுத்திருந்தால்தான் பிறகு இரண்டுக்கும் இடையே மாற முடியும். இந்த விதி எனக்கு அப்போது தெரியாது. சோம்பலில் எளிதானதை எடுத்தேன், தப்பித்தேன்.

தப்பாதது டெலிவரிக் கட்டணத்தில். 9 மைல் தள்ளி ஒரு வீடு என்றால், திரும்பி வருவதையும் சேர்த்து 18 மைல். 70 சென்ட் வீதம் 12.60 டாலர். அந்தத் தொகை அப்படியே கைக்குத் திரும்பி வருவதில்லை. வரி போடும் வருமானத்திலிருந்து குறைகிறது, அவ்வளவுதான். என் வருமானத்துக்குச் சுயதொழில் வரியும் வருமான வரியும் சேர்ந்து ஏறக்குறைய கால் பங்கு. ஆக, மிச்சமாவது சுமார் 3 டாலர். வாடிக்கையாளர் தரும் 5 டாலரும் வருமானம்தான், அதற்கும் வரி உண்டு. ஒவ்வொரு நீண்ட பயணத்திலும் கேக்கின் லாபத்தை நானே சாலையில் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இப்போது 5 மைல் வரை 8 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு மைலுக்கும் 1.50 டாலர். போகவர இரண்டு மைல் ஓடுவதால்தான் அந்த 1.50. சுங்கச் சாலைக் கட்டணமும் பார்க்கிங்கும் தனி. மைல் விகிதத்துக்கு மேலாக அவற்றையும் கழிக்கலாம் என்பதால் ரசீதுகளை உறையில் போட்டுவைக்கிறேன். கட்டணத்தைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. சிலர் தாங்களே வந்து எடுத்துப்போகிறார்கள். அதில் எனக்குச் சந்தோஷமே.

தொழிலுக்காக ஓடிய மைல்களைக் குறித்துவைப்பதற்கு ஓராண்டு ஒரு செயலியைப் பயன்படுத்தினேன். கார் நகர்ந்தாலே பதிவாகிவிடும், உண்மைதான். ஆனால் பள்ளிக்குப் பிள்ளையை அழைக்கப் போனதும் வெண்ணெய் வாங்கப் போனதும் ஒன்றாகக் குவிந்துகிடக்கும். மாதக் கடைசியில் உட்கார்ந்து பிரிப்பதற்குள் தலை வலித்துவிடும். நோட்டுக்கே திரும்பினேன். தேதி, போன இடம், எதற்காக, எத்தனை மைல்: நான்கு கட்டங்கள். வண்டியை அணைத்ததும் எழுதிவிட வேண்டும், படியேறினால் மறந்துவிடும். ஜனவரி 1 அன்று ஓடோமீட்டரைப் படம் எடுத்துக்கொள்கிறேன். 2022-இல் ஜூலை முதல் விகிதம் 58.5-இலிருந்து 62.5 சென்டாக உயர்ந்தபோது, தேதி வாரியாக எழுதியிருந்ததால் ஆண்டை இரண்டாகப் பிரிப்பது பத்து நிமிட வேலையாக முடிந்தது.

இன்னும் தீராத ஒன்று, நேரம். அந்த 18 மைலுக்கு முக்கால் மணி நேரம் போகிறது. என் சொந்த உழைப்பை வரியில் கழிக்க வழியில்லை. கட்டணத்திலும் அது இல்லை. கேக் விலையில் ஏற்றச் சொல்கிறார் என் கணவர். நான் இன்னும் ஏற்றவில்லை.