பி.ஆர்.எம். சைக்கிள் பயிற்சி: சில பருவங்கள் கடந்தபின் என் அனுபவம்

நெடுந்தூரம் ஓட்ட எந்த சைக்கிள் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஞாயிறு காலை வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்? அதற்குப் பதில் கிடைத்த பிறகு சைக்கிளைப் பற்றிப் பேசலாம். சென்னையில் வேலையும் பள்ளி செல்லும் மகனும் உள்ள குடும்பத்திலிருந்து பி.ஆர்.எம். எனப்படும், நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களை ஓட்டிவரும் பெண் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பி.ஆர்.எம். என்பது பந்தயம் இல்லை, முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 200 கி.மீ. தூரத்தைப் பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. பிரான்ஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த முறை இது. நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும் ஒரே பருவத்துக்குள் நான்கு தூரங்களையும் முடிப்பவருக்கு ‘சூப்பர் ராண்டனர்’ என்ற பட்டம். வழியில் ‘கன்ட்ரோல்’ எனப்படும் இடங்களில் அட்டையில் பதிவு பெற வேண்டும். சொந்தக்காரர்கள் உதவ வரலாம், ஆனால் கன்ட்ரோலில் மட்டுமே. பின்னாலேயே காரில் வந்து தண்ணீர் நீட்ட விதி இடம் தருவதில்லை. அதனால் குடும்பம் தரக்கூடிய துணை பெரும்பாலும் சாலைக்கு வருவதற்கு முன்பே தரப்படுவது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் பயிற்சி ஒழுங்குக்கு வந்தது.

எங்கள் பயிற்சி அட்டவணை சுவரில் மாட்டிய மாதக் காலண்டர்தான். என் மாமியார் முதலில் விசேஷங்களையும் கல்யாணங்களையும் குறிப்பார். அடுத்து மகனின் தேர்வுகள். மிஞ்சிய ஞாயிறுகள் எனக்கு. இப்படிப் பார்த்தால் மார்கழிக்கு இணையான மாதம் இல்லை. கல்யாணங்கள் கிடையாது, வெயில் தணிந்திருக்கும், கோயில்கள் விடியுமுன் திறந்துவிடும். நாலரை மணிக்கே வாசலில் கோலம் போட ஆட்கள் எழுந்திருப்பார்கள். தனியாகக் கிளம்பும் ஒரு பெண்ணுக்கு விளக்கெரியும் தெருக்கள் எவ்வளவு பெரிய பலம் என்பதை வேறெந்தக் கருவியோடும் ஒப்பிட முடியாது. பங்குனி, சித்திரையில் தூரத்தைக் குறைத்துவிடுகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழகுகிறவர்கள் காற்றைப் படிக்க வேண்டும். மார்கழியில் வடகிழக்கிலிருந்து வீசும். மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டிப் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். போகும் வேகத்தை நம்பித் திரும்பும் நேரத்தைக் கணக்கிடக் கூடாது. கோடையிலோ நண்பகலை ஒட்டிக் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும், தெற்கே போகிறவருக்கு அது எதிர்க்காற்று. மரக்காணம் உப்பளங்களை ஒட்டி நிழலும் கிடையாது.

உணவில் என் மாமியாரின் பங்கு மிகப் பெரியது. நீண்ட நேரம் ஓட்டும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதை எங்கள் சமையலறைக்கு ஏற்ப மாற்றியவர் அவர். கடலை மிட்டாய் வெயிலில் வாயை வறளச் செய்கிறது என்றதும் பேரீச்சம்பழத்துக்கு மாறினார். இப்போது நிலையாக இருப்பது வாழையிலையில் சிறு உருண்டைகளாகக் கட்டிய புளியோதரை. உப்பும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் அலுப்பதில்லை. மதியம் வரை கெடுவதுமில்லை. மிளகாய்ப் பொடி எண்ணெய் தடவிய இட்லியும் நல்லதுதான், ஆனால் அதை முதல் மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். குறைவான தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் வயிறு புரட்டும்.

கணவர் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் ஒவ்வொரு கன்ட்ரோலும் மூடும் நேரம். மணிக்கு 15 கி.மீ. என்ற கணக்கில் 150 கி.மீ. கன்ட்ரோல் பத்து மணி நேரத்தில் மூடும். நான் கன்ட்ரோலில் மட்டும் ஒரு வரிச் செய்தி அனுப்புவேன், இடையில் அழைப்பு கிடையாது. தாளைப் பார்த்தே அவருக்கு என் நிலை தெரிந்துவிடும். 300க்கு மேற்பட்ட ஓட்டம் முடிந்தால் என்னை அழைத்துவர அவரே வருவார். தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு நான் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்பது வீட்டு விதி. இதில் விலக்கே கிடையாது.

சனிக்கிழமைகள் முழுக்க அவருடையவை. அவர் இறகுப்பந்து ஆடப் போகிறார். வீடும் மகனும் என் பொறுப்பு. இந்தப் பரிமாற்றம் இல்லாமல் ஒருவரின் பயிற்சியை மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் சுமப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆர்வத்தோடு ஆதரித்த வீடுகள் சலித்துப்போனதை நண்பர்கள் வட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. தோல் சீட்டைத்தான் முதலில் சொல்வேன். முதல் சில நூறு கிலோமீட்டர் கடினம். பிறகு உடலுக்குப் படிந்துவிடுகிறது. மழைக்கு உறை போட வேண்டும், நனைந்தால் தொய்ந்துவிடும். முன்சக்கர மையத்துக்குள்ளேயே இருக்கும் டைனமோ விலை அதிகம், ஆனாலும் வாங்கலாம். அப்பாவின் சைக்கிளில் டயரை உரசி ஓடிய டைனமோ போல இழுக்காது. இரவு முழுக்க சார்ஜைப் பற்றிக் கவலையில்லை. 32 மி.மீ. டயர் நம் சாலைகளுக்குப் பொருத்தம். கடற்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஓட்டம் முடிந்த அன்றே துடைத்து எண்ணெய் விட வேண்டும். அந்த வேலையை இப்போது மகன் செய்கிறான், கேட்காமலே.

அடுத்தது பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்தானே என்று கேட்கிறார்கள். 1891இல் தொடங்கிய அந்த 1200 கி.மீ. ஓட்டம் இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அதிகபட்சம் 90 மணி நேரம். அடுத்தது 2027இல். அதற்குத் தகுதி பெற, அது நடக்கும் பருவத்திலேயே 200 முதல் 600 வரை நான்கையும் மீண்டும் முடிக்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சை ஒட்டி மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கால்கள் தயார் என்றே நினைக்கிறேன். காலண்டர் தயாராக இல்லை. கணவர் போ என்றார், மாமியாரும் சமாளிப்போம் என்றார். நான்தான் 2031க்குத் தள்ளிவைத்தேன். அதுவரை ஒவ்வொரு பருவத்திலும் ஒரு 400 ஓட்டினால் போதும்.