கூகுள் ஸ்காலர்: தேடித் தருவதில் கெட்டி, எடை போட லாயக்கில்லை

தீசிஸ்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. போன வாரம் மண்ணில் ஈயம் படிவது பற்றி ஒன்று வந்தது, இந்த வாரம் விவாகரத்துக்குப் பின் வேலைக்குப் போகும் பெண்கள் பற்றி ஒன்று. எனக்கு வேதியியலும் தெரியாது, சமூகவியலும் தெரியாது. ஆனால் கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியலை வரிவரியாகச் சரிபார்த்துத் தரவேண்டியது என் பொறுப்பு. அதற்காக நாள் முழுக்க கூகுள் ஸ்காலரைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும், 2004 நவம்பரில் வந்த சேவை. இன்றும் இலவசம்தான், கணக்குத் தொடங்காமலே தேடலாம்.

புதிதாக நுழைபவர்கள் ஒரு விளையாட்டு ஆடிப் பார்க்கலாம். 'டிப்ரஷன்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். மனச்சோர்வு பற்றிய கட்டுரைகள் குவியும். கூடவே மழை என்று சேர்த்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 1930 என்று சேர்த்தால் பொருளாதாரப் பெருமந்தம். கிணறு என்று சேர்த்தால், தண்ணீர் இறைக்கும்போது நிலத்தடி நீர்மட்டம் கூம்பு மாதிரி குழிவதைப் பற்றிய கணக்குகள். ஒரு சொல்லுக்கு நாலு வீடு. துறை வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி தேடலில் கிடையாது. ஆண்டை வைத்து வடிகட்டலாம், தேதிப்படி அடுக்கலாம். இது குறைதான், ஆனால் எனக்குப் பிடித்த குறை. தேடாத துறைக்குள் கால் இடறி விழுவது இதனால்தான்.

அப்படி விழுந்த இடம் ஒன்று. சமூகவியல் தீசிஸில் மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973ல் எழுதிய கட்டுரை இருந்தது. தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. எப்போதாவது பார்ப்பவர்தான் பெரும்பாலும் தகவல் தந்திருக்கிறார். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், தள்ளி நிற்பவருக்குத்தான் வேறு உலகம் தெரியும் என்பது அவர் வாதம். கட்டுரைக்குக் கீழே இருக்கும் 'சைட்டட் பை' சுட்டியைத் தட்டினேன். அதை மேற்கோள் காட்டியவை 60 ஆயிரத்துக்கும் மேல்! சமூகவியலோடு நிற்கவில்லை; கணினி வலைப்பின்னல், நிறுவன மேலாண்மை, நோய்ப் பரவல் என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்காலரில் இந்த ஒரு சுட்டி மட்டும் இருந்தாலே எனக்குப் போதும்.

சரி, அந்த எண்ணிக்கையை வைத்து ஒரு கட்டுரையின் தரத்தை எடை போடலாமா? இங்கேதான் சிக்கல். புரதத்தின் அளவைக் கண்டறிய லௌரி குழுவினர் 1951ல் எழுதிய செய்முறைக் கட்டுரை, வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இன்னொரு தளத்தின் கணக்கில் 2014லேயே 3 லட்சம் மேற்கோள்களைத் தாண்டியிருந்தது. சோதனைக்கூடத்தில் அதைச் செய்தவர்கள் எல்லாரும் அந்தக் கட்டுரையின் பெயரைப் போட்டாக வேண்டும், அதனால் அந்த எண். கணிதத்தில் நல்ல கட்டுரைக்கே சில டஜன்தான் இருக்கும். ஆசிரியர் பெயர் வரிசைக்கும் துறைக்குத் துறை அர்த்தம் மாறுகிறது. கணிதத்தில் அகரவரிசை, உயிரியலில் ஆய்வகத் தலைவர் பெரும்பாலும் கடைசியில். 2015ல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த கட்டுரைக்கு 5154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். ஸ்காலர் இவற்றையெல்லாம் ஒரே பந்தியில் உட்கார வைத்து ஒரே எண்ணால் அளக்கிறது.

அந்த எண்ணை ஏமாற்றவும் முடிந்திருக்கிறது. 2010ல் சிரில் லாபே என்ற பிரெஞ்சுக் கணினி ஆய்வாளர், இல்லாத ஒரு விஞ்ஞானியின் பெயரில், மென்பொருள் உளறிக் கொட்டிய நூற்றுச் சொச்சம் கட்டுரைகளை இணையத்தில் போட்டார். ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி அமைத்திருந்தார். ஸ்காலர் தரவுப்படி அந்தக் கற்பனை ஆசாமியின் எச்-இன்டெக்ஸ் 94. அதாவது குறைந்தது 94 முறை மேற்கோள் காட்டப்பட்ட 94 கட்டுரைகள்! நோபல் வாங்கியவர்களில் பலருக்கு இந்த எண் கனவு.

மற்ற வசதிகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முடிவுக்குக் கீழும் உள்ள மேற்கோள் குறியைத் தட்டினால் மேற்கோள் பட்டியலுக்கான வரி ஏபிஏ, எம்எல்ஏ என்று பல பாணிகளில் தயாராகக் கிடைக்கும். அப்படியே ஒட்டாதீர்கள், பெரிய எழுத்தையும் பக்க எண்ணையும் ஒருமுறை பாருங்கள். காசு கேட்கும் கட்டுரை என்றால் 'ஆல் வெர்ஷன்ஸ்' போய்ப் பார்த்துவிட்டுக் கைவிடுங்கள். ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. சில முடிவுகளின் முன்னால் 'சைட்டேஷன்' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும், தட்ட ஒன்றும் இருக்காது. அந்தப் படைப்பு நேரடியாகச் சிக்கவில்லை, மற்றவர்களின் பட்டியலில் மட்டும் பார்த்தேன் என்று ஸ்காலர் சொல்லும் விதம் அது. பழைய புத்தகமாக இருக்கலாம், பேயாகவும் இருக்கலாம். ஒரு பெரிய பதிப்பகத்தின் வழிகாட்டியில் உதாரணத்துக்குப் போட்ட பொய்க் கட்டுரை ஒன்றை நூற்றுக்கணக்கானோர் மேற்கோள் காட்டியது 2017ல் வெளியே வந்தது.

ஈயம் பற்றிய தீசிஸிலும் அப்படி ஒரு வரி மாட்டியது. மாணவிக்குப் போன் போட்டேன். "இது எங்கேம்மா கிடைச்சுது?"

"நான் படிக்கலக்கா. வேற ஒரு பேப்பர்ல இருந்து அப்படியே எடுத்தேன்."

அந்தப் பேப்பரைத் திறந்தோம். அதை எழுதியவரும் இன்னொருவரிடமிருந்துதான் எடுத்திருந்தார். அந்த இன்னொருவரின் பட்டியலில் ஆண்டே வேறு. வரியை அடித்துவிட்டு, 213ஆக இருந்த பட்டியலை 212 என்று மறுபடி எண் போட்டு அனுப்பினேன்.