கடனும் வருஷச் செலவும்: நீள நோட்டோடு சில வருட அனுபவம்

2021 ஆகஸ்டில் இருந்து எங்கள் வீட்டு வரவு செலவை ஒரு நீள நோட்டு, தனியாக ஒரு வங்கிக் கணக்கு, வாரச் செலவுக்கு ரொக்கம் என்ற ஏற்பாட்டில் நடத்துகிறோம். நடுவில் மொபைல் செயலியும் எக்செல்லும் வந்து போயின. கடன் அடைக்க நினைக்கிற குடும்பத்துக்கு இவற்றில் எது கைகொடுக்கும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தவணை கட்டுவதைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம். கட்டிக்கொண்டே இருக்கும்போது ஜூன் மாதமும் தீபாவளியும் வந்து புதுக் கடனை இழுத்துவிடுகிறதே, அதுதான் பெரும்பாடு. அந்த வாசலை அடைத்த பிறகுதான் எங்கள் மொத்தக் கடன் இறங்க ஆரம்பித்தது.

சென்னை வில்லிவாக்கத்தில் வாடகை வீடு. வீட்டுக்காரருக்கு, அதாவது என் கணவருக்கு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, எனக்கு அண்ணா நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஐந்து பேர். தொடங்கிய நேரத்தில் இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய். 2020 ஊரடங்கில் அவருக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. அப்புறம் மாமனாரின் மருத்துவமனைச் செலவு. கடன் ஐந்து இடத்தில் நின்றது: கிரெடிட் கார்டில் 1,10,000, நாலு வருஷ பர்சனல் லோன், வண்டிக் கடன், ஏலத்தில் எடுத்துவிட்ட சீட்டின் மீதித் தவணைகள், அவருடைய சித்தப்பாவிடம் கைமாற்றாக வாங்கிய 50,000. மாதம் 21,000 ரூபாய் தவணைக்கே போனது.

நோட்டின் முதல் பக்கத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதுவதோடு நிற்காமல், ஒவ்வொரு கடனுக்கும் பக்கத்தில் வருஷ வட்டி என்ன என்று எழுதினேன். இந்த ஒரு பக்கத்துக்காகவே நோட்டு போடலாம் என்பேன். கார்டுக்கு மாதம் 3.5 சதவீதம். கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது, வருஷத்துக்கு 42 சதவீதம் அது. 1,10,000-க்கு மாத வட்டி 3,850, அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 693. ஆக 4,543. குறைந்தபட்சத் தொகை என்று கட்டிவந்தது சுமார் 5,500. அசலில் கழிந்தது ஆயிரம்கூட இல்லை. மீதி வைத்துக் கட்டுகிற வரைக்கும், கார்டில் புதிதாக வாங்குகிற பொருளுக்கு வட்டியில்லாத நாட்களும் கிடைக்காது. மளிகை வாங்கினாலும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். அந்தக் கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியது அதனால்தான்.

வண்டிக் கடனும் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. "12 சதவீதம் பிளாட்" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள், அதாவது கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி. ஒரு லட்சத்துக்கு மூன்று வருஷ வட்டி 36,000, மாதம் 3,778. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் வைத்துப் பார்த்தால் இது 21 சதவீதத்துக்கு மேல். நம்மிடம் கணக்குக் கேட்கிற பழக்கம் குறைவு, விற்பவரும் சொல்வதில்லை. 2024 அக்டோபரில் இருந்து வீட்டுக் கடன், வண்டிக் கடன் போன்ற எல்லாச் சில்லறைக் கடனுக்கும் கட்டணம் எல்லாம் சேர்த்த வருஷ விகிதத்தை முக்கிய விவர அறிக்கையில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. புதிதாகக் கடன் வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பட்டியலைப் பார்த்துவிட்டு மாமியார்தான் முடிவு சொன்னார். "வளையலும் சங்கிலியும் பீரோல சும்மாதானேம்மா கிடக்கு. வங்கில வச்சு இந்த கார்டை முதல்ல முடி. அப்புறமா மீட்டுக் குடு." நகையை அடகு வைப்பது எங்கள் வீட்டில் லேசான பேச்சில்லை. அதிலும் அது மாமனார் அவருக்குப் போட்ட சங்கிலி. ஆனால் கணக்கு தெளிவாக இருந்தது. வங்கியில் நகைக் கடனுக்கு வருஷம் 9 சதவீதம். அதே 1,10,000-க்கு மாதம் 825 ரூபாய். 4,543 எங்கே, 825 எங்கே!

நகைக் கடன் வைக்கப் போகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். எல்லா நகையையும் ஒரே கடனாக வைக்காதீர்கள். வளையலை 45,000-க்கு ஒரு கடன், சங்கிலியை 65,000-க்கு இன்னொரு கடன் என்று தனித்தனி அடகுச் சீட்டாகப் போட்டோம். அதனால் வளையலை முதலில் மீட்க முடிந்தது. ஒரே கடனாகப் போட்டிருந்தால் கடைசி ரூபாய் கட்டும் வரை எல்லாம் உள்ளேயே இருந்திருக்கும். இன்னொன்று, நகைக் கடனில் பெரும்பாலும் மாதத் தவணை கிடையாது. வருஷக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டினால் போதும் என்பார்கள். அந்தச் சௌகரியம்தான் பல நகைகளை ஏலத்துக்குக் கொண்டுபோகிறது. கையில் கிடைக்கும்போது பகுதிப் பணம் கட்ட முடியும். நாங்கள் சம்பளம் வந்ததும் முதல் வேலையாக 2,000 கட்டிவிட்டு ரசீதை நோட்டில் ஒட்டினோம். 2026 ஏப்ரலில் இருந்து, 2.5 லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்கிறது புது விதி. முன்பு உச்சவரம்பு 75 சதவீதம். கூடுதலாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டால் மீட்பது அவ்வளவுக்குக் கடினம்.

கார்டு முடிந்ததில் மாதம் கட்டிவந்த 5,500 விடுபட்டது. அதில் 2,000 நகைக்கு. மீதி 3,500-ஐ என்ன செய்வது என்பதில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் நிறைய வாக்குவாதம். "கடன் இருக்கும்போது யாராவது பணத்தைச் சேர்த்து வைப்பாங்களா? 14 சதவீத லோன் ஓடுது, ஆர்டில அஞ்சு சதவீதம்தான் வரும்" என்றார். ஆர்டி என்றால் மாதாமாதம் வங்கியில் கட்டிச் சேர்க்கிற வைப்பு. கணக்குப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் முந்தைய வருஷ வங்கி ஸ்டேட்மெண்டை எடுத்து வைத்துக்கொண்டு, கார்டில் அந்த 1,10,000 எப்படி ஏறியது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். மருத்துவமனை போக மீதியெல்லாம் பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ், தீபாவளித் துணி, உறவில் ஒரு கல்யாணத்துக்கு வைத்த சீர். எல்லாமே எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்த செலவு. அவரும் ஒத்துக்கொண்டார்.

நோட்டின் இரண்டாவது பக்கம் அப்படி வந்ததுதான். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை 46,000. தீபாவளி 15,000. பொங்கல் 4,000. வண்டி இன்சூரன்ஸும் அவருடைய டேர்ம் பாலிசியும் 11,000. மொய், சீர் 8,000. மொத்தம் 84,000, மாதம் 7,000. இந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே இரண்டாவது வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவோம். அந்தக் கணக்கை எந்த யுபிஐ செயலியிலும் இணைக்கவில்லை. ஏடிஎம் கார்டு மாமியாரிடம். கைபேசியில் விரல் வைத்தால் போகிற பணமாக அது இருந்திருந்தால் நிச்சயம் ஜூன் வரை தாங்கியிருக்காது.

7,000-த்தில் பாதி கார்டுத் தவணையில் இருந்து வந்தது. இன்னொரு பாதி 3,500-ஐ வீட்டுச் செலவில்தான் தேட வேண்டியிருந்தது. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு வெள்ளைப் போர்டு பேருந்துக்கு மாறினேன். சற்று முன்னதாகக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். மாதம் ஆயிரம் ரூபாய் நின்றது. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25. வரும் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு தவறாமல் வாங்கினால் மளிகைப் பட்டியலில் நன்றாகவே தெரியும். ஆவின் பாலுக்கு மாத அட்டை போட்டால் சில்லறை விலையை விடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை கோயம்பேட்டில் காய்கறி எடுத்து மாடி வீட்டாரோடு பங்கு பிரிக்கிறோம்.

கரண்ட் பில் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், பில் வராத மாதத்தில் கையில் பணம் இருப்பதுபோலத் தோன்றும். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கான கணக்கும் சேர்ந்து மாறிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு சில யூனிட் கூடினாலே பில் சட்டென்று ஏறும். சித்திரை, வைகாசியில் ஏசி ஓடாமல் சென்னையில் தூங்க முடியாது, வயதானவர் இருக்கும் வீட்டில் அதைக் குறை என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கணக்கெடுப்புத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதுகிறோம். 500-ஐ நெருங்கும் வாரத்தில் எல்லோரும் ஒரே அறையில் படுத்துக்கொள்வோம். பில்லில் பாதியை வராத மாதத்திலேயே உறையில் எடுத்து வைத்துவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

செயலிகளைப் பற்றி. இரண்டு செயலி போட்டுப் பார்த்தோம், இரண்டுமே எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானாகக் கணக்கு எழுதும் வகை. முதல் இரண்டு மாதம் ரொம்ப நன்றாக இருந்தது. அப்புறம் ஓட்டைகள் தெரிந்தன. ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றிய 7,000-ஐச் செலவென்று ஒருமுறை, வரவென்று ஒருமுறை காட்டியது. கீரைக்காரம்மாவுக்குக் கொடுத்த ரொக்கம் அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் விட, அது என் கைபேசிக்குள் இருந்தது. மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கே இல்லை. நோட்டு சமையலறை அலமாரியில் ஆணியில் தொங்குகிறது. பால், கீரை, தண்ணீர் கேன் எல்லாம் மாமியார் எழுதுவார். இந்த மாதம் ஸ்விம்மிங் வகுப்பு வேண்டாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவளே நோட்டைப் பார்த்துச் சொன்னாள். அவளை அப்படிச் சொல்ல வைத்ததில் எனக்கு வருத்தமும் உண்டு. அதற்கு அடுத்த மாதமே சேர்த்துவிட்டோம். எக்செல் நன்றாகப் பயன்பட்டது ஓர் இடத்தில்தான்: எந்தக் கடனை முதலில் முடிப்பது என்று கணக்குப் போட.

அதற்கு ஓர் உதாரணம். 2024 நடுவில் வீட்டுக்காரருக்கு அரியர்ஸ் 65,000 வந்தது. பர்சனல் லோனில் 10 தவணை பாக்கி, அசல் 64,000. மொத்தமாக முடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எக்செல்லில் போட்டால், மிச்சமிருந்த வட்டி 4,200தான். முன்கூட்டியே அடைக்க 4 சதவீதக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சுமார் 3,000. மிஞ்சுவது 1,200. அந்தப் பணத்தைச் சங்கிலியின் கடனில் கட்டினால் 9 சதவீத வட்டி முழுதாக நிற்கும், கட்டணமும் கிடையாது. சங்கிலியை மீட்டோம். வட்டி விகிதம் அதிகமான கடனைத்தான் முதலில் முடிக்க வேண்டும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் அடைப்புக் கட்டணத்தையும் மீதி மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை மாறலாம். தவணைக் கடனில் வட்டியின் பெரும்பகுதி முதல் பாதியிலேயே கட்டி முடிந்துவிடுகிறது.

சீட்டு 2022-ல் முடிந்தது. அதற்குக் கட்டிவந்த மாதத் தவணை 5,000 அப்படியே சித்தப்பாவுக்குப் போனது. அவர் வட்டி கேட்கவில்லை, பட்டியலில் அது பூஜ்யம் சதவீதம், கணக்குப்படி கடைசியில் வர வேண்டியது. ஆனாலும் அதைத் தள்ளிப்போட எங்களுக்கு மனமில்லை. வங்கிக்கு ஒரு மாதம் தாமதித்தால் அபராதத்தோடு போகும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய் நிமிர்ந்து உட்கார முடியாமல் இருப்பதற்கு எந்த அபராதமும் ஈடாகாது. இனி எங்கள் வீட்டில் சீட்டு என்றால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டு மட்டும்தான்.

கடன் முடிந்ததும் வேலை முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கார்டை முழுதாகக் கட்டி, மூடச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகும், அதைக் கொடுத்த வங்கி வருஷக் கட்டணம் என்று ஒரு தொகையை ஏற்றியது. சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் நிலுவை என்று காட்டியபோதுதான் தெரிந்தது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்ன 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், இல்லையென்றால் நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது 2022 ஜூலையில் இருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அதைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் போட்டதும் கட்டணம் நீங்கியது. மூடச் சொல்வதை எழுத்தில் செய்யுங்கள், தேதி முக்கியம். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எந்தக் கடனை முடித்தாலும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கி நோட்டின் பின் உறைக்குள் வைக்கிறோம்.

இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையாகப் படுவது நேரம். ஞாயிறு இரவு அரைமணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும், ஒரு வாரம் விட்டால் மூன்று வாரம் ஆகிவிடும். மாதச் சம்பளம் இல்லாத வீட்டுக்கு இதை அப்படியே பரிந்துரைக்க மாட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் தினமும் 250 ரூபாயை வருஷச் செலவுக்கென்று உண்டியலில் போட்டு, திங்கட்கிழமை வங்கியில் கட்டுகிறார்கள். ஓடாத நாளில் போடுவதில்லை. அவர்களுக்கு அது பொருந்துகிறது.

2025 தொடக்கத்தில் பர்சனல் லோன் முடிந்தது. அதன் தவணையான 6,832 ரூபாய் இப்போதும் அதே தேதியில் கணக்கை விட்டுப் போகிறது, அவசரச் செலவுக்கான ஆர்டிக்கு. பள்ளிக் கட்டணம் உயர்ந்ததால் இரண்டாவது பக்கத்தில் 7,000-ஐ அடித்து 8,200 என்று எழுதியிருக்கிறோம்.