மேக்ரோவுக்கு எந்த ட்ரைபாட்? உயரத்தை விடுங்கள், தாழ்வைப் பாருங்கள்

மழை விட்ட மறுநாள் காலை, மதுரைப் பக்கம் சாமநத்தம் கண்மாய்க் கரையில் தம்பலப்பூச்சி ஊர்கிறது. மேலிருந்து எடுத்தால் மண்ணில் விழுந்த குங்குமப் பொட்டு, அவ்வளவுதான். லென்ஸ் அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் அந்தச் சிவப்பு வெல்வெட் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கடையில் ட்ரைபாட் கேட்டால் "ஆறடி போகும் சார்" என்றுதான் முதலில் சொல்கிறார்கள். மேக்ரோ, அதாவது பூச்சி, பூ போன்ற சின்னவற்றை மிக நெருங்கிப் படம் எடுப்பவர் கேட்க வேண்டியது, எவ்வளவு தாழும் என்பது.

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் எடை குறைந்த அலுமினிய ட்ரைபாடில் மூன்று கால்களையும் நடுவே ஒரு கம்பி இணைத்திருக்கும். கால் அகலமாக விரியாது, முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்காது. எருக்கம்பூ, ஆவாரம்பூ எடுக்கப் போதும். தும்பைப்பூவுக்கும் நெருஞ்சிக்கும் உதவாது. நடுத்தண்டை, அதாவது கேமராவைத் தாங்கி நடுவில் ஏறி இறங்கும் தண்டை, தலைகீழாகச் செருகிக் கேமராவைத் தொங்கவிடலாம் என்பார்கள். செய்து பார்த்தேன், கால்கள் வெளிச்சத்தை மறைக்கின்றன, பொத்தான்கள் எல்லாம் தலைகீழ். வேண்டாம்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும் நடுவில்தான்: நடுத்தண்டைக் கிடையாகப் படுக்க வைக்கக்கூடிய வகை, நடுத்தண்டே இல்லாத வகை.

முதல் வகைக்கு மான்ஃப்ரோட்டோ 055 நல்ல உதாரணம். அலுமினியம், சுமார் 2.5 கிலோ. நடுத்தண்டை 90 டிகிரி சாய்த்தால் கேமரா தரையிலிருந்து 9 செ.மீ. வரை இறங்கும். கால்களைக் கரையில் ஊன்றிவிட்டு, தண்டை மட்டும் தண்ணீர்ப் பக்கம் நீட்டி, கோரையில் உட்கார்ந்த ஊசித்தட்டானை எடுக்கலாம். குறையும் அந்த நீட்டலில்தான் இருக்கிறது. எடை ஒரு பக்கமாகச் சாயும், தொட்டால் தண்டு சில நொடி அதிரும். எதிர்ப்பக்கத்தில் கேமரா பையைத் தொங்கவிட்டு, 2 நொடி டைமர் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

நடுத்தண்டு இல்லாத கார்பன் ஃபைபர் ட்ரைபாட் கையில் எடுத்தாலே மனதைக் கவரும். எடை குறைவு, விறைப்பு அதிகம், கால்கள் தரையோடு படியும். பங்குனி வெயிலில் அலுமினியக் காலைப் பத்து மணிக்கு மேல் வெறும் கையால் பிடிக்க முடியாது. கார்பன் அப்படிச் சுடாது. ஆனால் கேமரா எங்கேயோ கால்களும் அங்கேயே இருந்தாக வேண்டும். மதுரை அருகே அரிட்டாபட்டியில் ஒரு விடியலில், இறகெல்லாம் பனித்துளி கோத்த தட்டானிடம் இதை வைத்துக்கொண்டு நெருங்கினேன். மூன்றாவது காலை விரித்தபோது அது ஒரு புல்லைச் சாய்த்தது. அந்தப் புல், தட்டான் இருந்த தண்டோடு பின்னியிருந்தது. பனித்துளி முதலில் உதிர்ந்தது, அப்புறம் தட்டான் போய்விட்டது. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்கே மூன்று கால் விரியும் வட்டத்துக்குள் என்னவெல்லாம் நசுங்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

அதனால் என் கை நடுத்தண்டு படுக்கும் அலுமினியத்தின் பக்கமே போகிறது. அழகர்மலையில் நூபுர கங்கை வரை தோளில் சுமந்து நடப்பவர், கையில் பணமும் இருந்தால், கார்பனை எடுக்கலாம், தப்பில்லை.

தம்பலப்பூச்சிக்கு இரண்டுமே வேண்டாம். மஞ்சப்பையில் ஒன்றரைக் கிலோ புளியங்கொட்டை போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். நடுவில் ஒரு குழி அமுக்கி லென்ஸை வைத்தால் அசையாது. எனக்குக் கிடைத்த நல்ல தரைமட்டப் படங்களில் பாதி இந்தப் பையின் மேல் எடுத்தவை.

ட்ரைபாடின் தலையில், அதாவது கேமராவைப் பொருத்தித் திருப்பும் மேல் பகுதியில், பணத்தைக் குறைக்காதீர்கள். 1:1 அளவில், அதாவது பூச்சி தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்போது, முழு ஃபிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார்) கேமராவில் படத்துக்குள் வருவதே 36 மி.மீ. அகலம்தான். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் ஃபோகஸ் நிற்கும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. மலிவான பால்ஹெட்டை (உருண்டை மேல் எப்பக்கமும் சுழலும் தலை) இறுக்கிக் கையை எடுத்ததும் கேமரா மயிரிழை தொய்யும். பூச்சியின் கண்ணில் இருந்த ஃபோகஸ் காலுக்குப் போய்விடும். பல்சக்கரத் தலையில் குமிழைத் திருகத் திருக இம்மி இம்மியாக நகரும், விட்ட இடத்தில் நிற்கும். அந்த வகையில் மான்ஃப்ரோட்டோ 410 தலை மட்டுமே 1.2 கிலோவுக்கு மேல் எடை. ஆனாலும் ஓரிடத்தில் உட்கார்ந்து எடுப்பவருக்கு அதுதான் சரி. நல்ல பால்ஹெட்டோடு ஒரு ஃபோகஸ் ரெயில் (கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தும் தண்டவாளம்) சேர்த்தாலும் முன்னே பின்னே நகர்த்துவது எளிது.

காலை நீட்டி நிறுத்தும் பூட்டில் நெம்புகோல் வகையே கண்மாய்ச் சேற்றுக்கு ஏற்றது. திருகு வகைக்குள் மணல் புகுந்தால் வீட்டுக்கு வந்து கழற்றிக் கழுவ வேண்டும்.

ஒன்று மட்டும் எந்த ட்ரைபாடும் செய்யாது: கேமராவை நிறுத்தும், பூவை நிறுத்தாது. ஆடிக்காற்றில் தும்பை ஒரு நொடிகூடச் சும்மா நிற்பதில்லை. அந்த மாதம் முழுக்க ஃபிளாஷ்தான். மற்ற மாதங்களில் காலை ஆறு மணிக்குக் காற்று அடங்கியிருக்கும்போதே போய்விடுகிறேன். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, துணி க்ளிப்பால் தண்டை மெல்லப் பிடித்துக்கொள்வேன். படம் முடிந்ததும் முதலில் க்ளிப்பைக் கழற்றிவிட்டுத்தான் ட்ரைபாடைத் தொடுவேன்.