பிடாவா, பேடோங்டார்னா?

எங்கள் வாசகர் வட்டத்தில் தென்கிழக்கு ஆசியாவின் இளம் தலைவர் ஒருவரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசச் சொன்னார்கள். நாடு தாய்லாந்து என்று உடனே முடிவாகிவிட்டது. ஆள் யார் என்பதில்தான் இரண்டு வாரம் ஓடியது. பிடா லிம்ஜாரோன்ராட்டா, பேடோங்டார்ன் ஷினவத்ராவா? கடைசியில் பிடாவைத்தான் எடுத்தேன்.

வசதியான குடும்பம், வெளிநாட்டுப் படிப்பு, இளம் வயது எல்லாம் இருவருக்கும் பொது. இருவரையும் இறக்கியதும் ஒரே அரசியல் சாசன நீதிமன்றம்தான். பதவியை வைத்துப் பார்த்தால் பேடோங்டார்ன்தான் முந்துகிறார். அவர் பிரதமரானார், பிடா ஆகவில்லை.

பேடோங்டார்ன் முன்னாள் பிரதமர் தக்சினின் இளைய மகள், 1986இல் பிறந்தவர். 2023 தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது குழந்தை பெற்று, இரண்டே நாளில் மருத்துவமனையிலிருந்தே செய்தியாளர்களைச் சந்தித்தவர். அந்த மன உறுதியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 ஆகஸ்ட் 16இல், 37 வயதில், நாட்டின் மிக இளைய பிரதமரானார். அடுத்த ஆண்டு எல்லைப் பதற்றத்தின் நடுவே கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னிடம் தொலைபேசியில் பேசினார். அவரை மாமா என்று அழைத்து, தன் நாட்டுப் படைத் தளபதி ஒருவரையே குறை சொன்ன பேச்சு அது. ஒலிப்பதிவு வெளியே வந்தது. ஜூலை 1இல் பணி இடைநீக்கம், ஆகஸ்ட் 29இல் பதவி நீக்கம்.

பிடாவின் கதை வேறு தடத்தில் போகிறது. 1980இல் பிறந்தவர். பதின்ம வயதில் நியூசிலாந்து, பிறகு தம்மசாட் பல்கலைக்கழகம், அப்புறம் ஹார்வர்ட். இருபத்தைந்து வயது வாக்கில் அப்பா இறந்துவிட, கடனில் இருந்த குடும்பத் தவிட்டு எண்ணெய் நிறுவனத்தைத் தோளில் ஏற்றவேண்டி வந்தது. நாடாளுமன்றத்தில் அவரைக் கவனிக்க வைத்த பேச்சும் விவசாயம் பற்றியதுதான். 2019இல் விவசாயிகளின் பிரச்சினைகளைச் சட்டையின் ஐந்து பொத்தான்களாக வைத்துப் பேசினார். முதல் பொத்தான் நிலம். அதைத் தப்பாக மாட்டினால் மற்றதெல்லாம் தப்பாகத்தான் போகும் என்பது அவர் வாதம். சட்டை போடுகிற யாருக்கும் புரிகிற உவமை.

2023 மே 14 தேர்தலில் அவருடைய மூவ் ஃபார்வர்ட் கட்சி 500க்கு 151 இடம் பிடித்து முதலில் வந்தது. பாங்காக்கில் 33 தொகுதிகளில் 32. ஆனால் பிரதமரைத் தேர்ந்தெடுக்க ராணுவ ஆட்சி நியமித்த 250 செனட்டர்களுக்கும் வாக்கு இருந்தது. 375 வேண்டிய இடத்தில் 324தான் கிடைத்தது. செனட்டர்களில் ஆதரித்தவர்கள் 13 பேர். சில வாரத்தில், கூட்டணியில் இருந்த பியூ தாய், அதாவது பேடோங்டார்னின் கட்சி, ராணுவச் சார்புக் கட்சிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது.

என் முடிவைத் தீர்மானித்த கேள்வி ஒன்றுதான்: தலைவரைத் தூக்கிவிட்டால் அடுத்து யார் வருகிறார்?

தக்சின் வழிக் கட்சியும் கலைக்கப்பட்டிருக்கிறது, 2007இலும் 2008இலும். இரண்டு முறையும் பெயர் மாற்றிக்கொண்டு எழுந்தது. ஆக, கலைப்பைத் தாங்குவது பிடா தரப்பின் தனிப்பெருமை இல்லை. ஆனால் தக்சினுக்குப் பிறகு அந்தக் கட்சியின் முகங்களாக வந்தவர்களைப் பாருங்கள். மைத்துனர் சோம்சாய், தங்கை யிங்லக், மகள் பேடோங்டார்ன். நடுவே சமக், சிரெத்தா போன்ற வெளியாட்கள் பிரதமரானாலும் கடைசிச் சொல் குடும்பத்திடமே இருந்தது. குடும்பத்தைக் குறிவைத்தாலே கட்சி திணறிவிடும்.

பிடாவின் பக்கம் அப்படியில்லை. தானத்தோர்ன் தொடங்கிய ஃபியூச்சர் ஃபார்வர்ட் 2020 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. அவருக்கு உறவினர் அல்லாத பிடா அந்த உறுப்பினர்களை மூவ் ஃபார்வர்ட் கட்சியில் திரட்டி நடத்தி, 81 இடத்தை 151 ஆக்கினார். அரச அவமதிப்புச் சட்டத்தைத் திருத்துவோம் என்று பிரசாரம் செய்ததற்காக 2024 ஆகஸ்ட் 7இல் மூவ் ஃபார்வர்டும் கலைக்கப்பட்டது. பிடாவுக்குப் பத்தாண்டு அரசியல் தடை. இரண்டே நாளில், ஆகஸ்ட் 9இல், மக்கள் கட்சி என்ற பெயரில் 143 உறுப்பினர்களும் ஒன்றாக நின்றார்கள். தலைவரானவர் நத்தபோங். அவரும் முந்தைய தலைவர்கள் யாருடைய பிள்ளையுமில்லை. இப்படிக் கைமாறுவதை நான் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு வேகமாகப் பார்த்ததில்லை. பிடா மேல் எனக்கு மதிப்பு வந்ததே இதனால்தான்.

சரி, மறுபக்கமும் இருக்கிறது. பிடா ஒரு நாள்கூட ஆட்சி நடத்தவில்லை. எதிர்க்கட்சி வரிசையில் நன்றாகப் பேசியவர் பிரதமராக எப்படி இருந்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பேடோங்டார்னை அவர் ஓராண்டுச் செயலை வைத்து எடை போடலாம், இவரை அப்படிப் போட வழியில்லை. ஷினவத்ரா குடும்பத்துக்குக் கிராமங்களில் கிடைத்த வாக்கு வெறும் பெயருக்கும் இல்லை. தக்சின் கொண்டுவந்த, 30 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணத்தில் சிகிச்சை தரும் மருத்துவத் திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துவிட்டது. இவை இரண்டையும் என் பேச்சில் சொல்லத்தான் போகிறேன்.

தொடக்கம் மட்டும் 2023 ஜூலை 19. பிடாவை எம்.பி. பணியிலிருந்து நீதிமன்றம் இடைநிறுத்திய நாள். வேட்பாளர் ஊடக நிறுவனப் பங்கு வைத்திருக்கக் கூடாது என்பதால், ஒளிபரப்பே 2007இல் நின்றுபோன ஐடிவி தொலைக்காட்சியில் அப்பா சொத்தின் வழியாக அவர் பெயரில் இருந்த 42,000 பங்குகள்தான் வழக்கு. ஆறு மாதம் கழித்து அவர்மேல் தப்பில்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. இடைநிறுத்திய அன்றைக்கு அவர் தன் உறுப்பினர் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முஷ்டியை உயர்த்திக்கொண்டு நடந்தார். அவருடைய கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள்.