சிவனொளிபாதமலை பகலில்: ஹட்டன் பக்கமா, இரத்தினபுரிப் பக்கமா?

இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு, அதாவது ஆதாம் மலைக்கு, போகிறோம் என்றால் "எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். "எந்தப் பக்கமாக?" என்று யாரும் கேட்பதில்லை. ஹட்டன் பக்கம் என்பது சொல்லாமலே முடிவான விஷயம். நள்ளிரவில் அந்தப் பக்கத்து அடிவாரமான நல்லதண்ணியில் தொடங்கி, விளக்கு வெளிச்சத்தில் படியேறி, உச்சியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்குக் கீழே வந்துவிடலாம். யாத்திரைக்கு அது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் பகலில் ஏறுவதென்றால் கணக்கே மாறிவிடுகிறது. இரவில் எல்லாப் பாதையும் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிவது அடுத்த படியும் முன்னால் போகிறவரின் முதுகும். பகலில் வெயில் எங்கே விழுகிறது, மரம் எங்கே இருக்கிறது, காட்சி எப்போது திறக்கிறது என்பதெல்லாம் முக்கியமாகிவிடும். அப்படிப் பார்த்தால் ஹட்டன் வழியும் இரத்தினபுரி வழியும் ஒரே உச்சிக்குப் போகும் இரண்டு வேறு மலைகள் என்றே சொல்லலாம்.

உச்சியின் உயரம் 2,243 மீட்டர். நல்லதண்ணியே 1,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கிருந்து ஏற வேண்டியது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தல கிராமம் அதைவிட நன்றாகத் தாழ்வில் இருக்கிறது. அங்கிருந்து ஏறினால் ஏற்றம் ஒன்றரை மடங்காவது வரும், தூரமும் கூடும். ஹட்டன் வழியில் சராசரி நடையுள்ளவருக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். பலாபத்தல வழிக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. ஹட்டனுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களின் முதல் வாதமும் கடைசி வாதமும் இதுதான். நேரமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு ஹட்டன் பக்கம் போகலாம், தவறில்லை.

ஹட்டன் பக்கம்

இந்த வழி பிரபலமானதற்குக் காரணம் ஆன்மிகமல்ல, போக்குவரத்து. மலையகத்தில் தோட்டங்கள் வந்து, 1880களில் ரயில் ஹட்டனைத் தொட்ட பிறகுதான் இந்தப் பக்கம் கூட்டம் பெருகியது. இன்றும் ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக பஸ்ஸில் அடிவாரம் வரை வந்து இறங்கிவிடலாம். வழியெல்லாம் தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களும். மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் கடைக்காரர் தொடங்கி ஆட்டோக்காரர் வரை தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். முதல்முறை வரும் தமிழர்களுக்கு இது சின்ன வசதியல்ல.

பாதை தேயிலைக்குள் தொடங்குகிறது. அடிவாரத்தில் வெள்ளைச் சமாதான தூபியைத் தாண்டும் வரை ஏற்றம் மென்மை. அதற்கப்புறம் படிகள். மொத்தம் 5,500 என்று பொதுவாகச் சொல்வார்கள். எண்ணிப் பார்க்கும் மனநிலையில் யாரும் மேலே போய்ச் சேருவதில்லை. சீமெந்துப் படிகள், ஒன்று அரையடி, அடுத்தது ஒன்றேகால் அடி. இந்த ஒழுங்கின்மைதான் தொடையை வாங்குகிறது. வழியில் வரும் இந்திகட்டுபான என்ற இடத்துக்கு மேலே சரிவு ஒரேயடியாக நிமிர்ந்துவிடும். கைப்பிடிக் கம்பி இல்லாமல் ஏறுவது சிரமம்.

நிழல் விஷயத்தில்தான் இந்தப் பக்கம் தோற்றுவிடுகிறது. தேயிலைப் பகுதியில் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. மேலே காடு வருகிறது, ஆனால் பாதையை அகலமாகப் போட்டுக் கடைகளும் கட்டியிருப்பதால் மரக்கிளைகள் தலைக்கு மேல் கூடுவதில்லை. அதோடு பாதை மலையின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால், மதியம் வரை சூரியன் முதுகில் ஏறிக்கொண்டே வரும். சீமெந்து சூடேறி அது வேறு கீழிருந்து வீசும். இரவில் ஏறும் வழக்கம் பக்தியால் மட்டும் வந்ததல்ல என்பது அப்போது புரியும்.

ஆனால் காட்சிக்கு இந்தப் பக்கத்தை அடிக்க முடியாது. ஏறத் தொடங்கியதிலிருந்தே திரும்பிப் பார்க்க ஏதாவது இருக்கும்: மவுசாகலை நீர்த்தேக்கம் விரல்விரலாகத் தோட்டங்களுக்குள் நுழைந்திருப்பது, அதற்கப்பால் அடுக்கடுக்காக மலைகள். கூம்பு வடிவம் முழுசாகத் தெரிவதும் இந்தப் பக்கம்தான். படங்களில் நாம் பார்த்துப் பழகிய சிவனொளிபாதமலை என்பது மஸ்கெலியாவிலிருந்து பார்க்கும் மலை.

இரத்தினபுரிப் பக்கம்

பழைய ராஜபாதை இதுதான். பதினோராம் நூற்றாண்டில் சோழரிடமிருந்து பொலன்னறுவையை மீட்ட முதலாம் விஜயபாகு, யாத்திரிகர்களுக்கு உணவளிக்கக் கிலிமலை கிராமத்தை மானியமாகக் கொடுத்தான். அந்தக் கிலிமலையைத் தாண்டித்தான் இன்றும் பலாபத்தலவுக்குப் போக வேண்டும். யாத்திரைக் காலம் அல்லாத மாதங்களில் மலைமேலிருக்கும் புனிதப் பொருட்களை பெல்மதுளை விகாரைக்குக் கொண்டுவந்து வைப்பதும் சப்ரகமுவ பக்கம்தான். கடினமான வழியில் போனால்தான் புண்ணியம் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. 1344இல் மொரோக்கோப் பயணி இபுன் பதூதா இந்த மலைக்கு ஏறினார். புத்தளத்தில் அவரை வரவேற்றுப் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பியவர் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாணத்து அரசர். கூடவந்தவர்களில் உச்சியிலுள்ள பாதச்சுவட்டை வருடாவருடம் தரிசிக்கப் போகும் யோகிகளும் இருந்தார்கள். மலைக்கு இரண்டு பாதைகள் உண்டு என்று எழுதுகிறார் அவர்: ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை, அதாவது ஆதாமுடையது, ஏவாளுடையது (அந்தச் சுவடு ஆதாமின் பாதம் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை). மாமா பாதை சுலபம், இறங்கும்போது அதில் வருவார்கள், ஆனால் அதில் ஏறிப் போனவரை யாத்திரை போனவராகவே கணக்கில் எடுப்பதில்லையாம். பாபா பாதை செங்குத்து, சங்கிலி பிடித்து ஏற வேண்டியது. எழுநூறு வருடத்துக்கு முன்பே இந்த ஒப்பீட்டு வாக்குவாதம் சூடாக நடந்திருக்கிறது!

பலாபத்தலவிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே காடு மூடிக்கொள்கிறது. சிகர வனச் சரணாலயத்தின் ஈரக்காடு இது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. கீழே நெட்டையான மரங்கள், பாசி பிடித்த கற்படிகள், சத்தம் கேட்டுக்கொண்டே வரும் ஓடைகள். ஏற ஏற மரங்கள் குள்ளமாகி, முறுக்கிக்கொண்டு, கிளையெல்லாம் பாசி தொங்கும். உச்சியை நெருங்கும்போது மலைப் பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கலாம். ஒரே நடையில் தாழ்நிலக் காட்டிலிருந்து முகில் காட்டுக்கு ஏறிவிடுகிறோம். ஹட்டன் வழியில் இந்த மாற்றம் கிடைக்காது, ஏனென்றால் அதன் கீழ்ப்பாதியைத் தேயிலை எப்போதோ தின்றுவிட்டது.

நிழலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பாதை மலையின் தென்மேற்கே இருக்கிறது. காலை நேரத்தில் மரங்கள் மறைப்பது போதாதென்று மலையே சூரியனை மறைத்து நிற்கும். விடியும்போது கிளம்பினால் முற்பகல் வரைக்கும் வெயில் என்ற பேச்சே இருக்காது.

நிழல் என்றால் குளிர்ச்சி என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கீழ்ப்பகுதி தாழ்வாக இருப்பதால் புழுக்கம் ஆளைப் பிழியும். முதல் இரண்டு மணி நேரத்தில் சட்டை முழுக்க நனைந்துவிடும், மழையே பெய்யாமல். மழை பெய்தாலோ, இது நாட்டின் அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. பாசிப் படியில் ஈரம் பட்டால் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து.

அப்புறம் அட்டை. ஹட்டன் பக்கம் சீமெந்துப் படியோடு நின்றுகொண்டால் அட்டைத் தொல்லை குறைவு. இங்கே மழைக்குப் பிறகு ஒரு நிமிடம் நின்றால் போதும், சப்பாத்தில் ஏறிவிடும். இபுன் பதூதாவும் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். எலுமிச்சம்பழத்தைக் கையோடு கொண்டுபோய், கடித்த அட்டைமேல் பிழிவார்களாம், விழுந்துவிடுமாம். இப்போது சவர்க்காரம், உப்பு, டெட்டோல், சித்தாலேப தைலம் என்று ஆளுக்கொரு வைத்தியம். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்து உருப்படியானது. மற்றதெல்லாம் வியர்வையில் கரைந்துவிடும்.

கடைகளும் குறைவு. ஹட்டன் பக்கம் யாத்திரைக் காலத்தில் தேத்தண்ணியும் ரொட்டியும் கிடைக்காத இடமே இல்லை. இங்கே ஹெரமிட்டிபான மாதிரியான தங்குமிடங்களில் ஏதாவது கிடைக்கும், இடையில் மணிக்கணக்காக ஒன்றும் இருக்காது. ஒரு நேரச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதே நல்லது.

காட்சி விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கம் உச்சிக்குப் பக்கத்தில் வரும் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. நிழல் தருகிற அதே மரங்கள்தான் காட்சியை மறைக்கின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் உச்சியை அடையும் நேரம் மதியம் ஆகிவிடும். காலையில் பள்ளத்தாக்கில் படுத்திருந்த முகில் அதற்குள் மேலே ஏறிவந்திருக்கும். அதிகாலையில் ஏறியவர் பார்த்த கடலும் மலைகளும் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். விடியலில் மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே நீண்டு விழுவதை எப்படியும் பார்க்க முடியாது.

அப்படியானால்?

உச்சியில் நின்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால் பகல் நடையை மறந்துவிட்டு, ஹட்டன் பக்கம் இரவோடு இரவாக ஏறுங்கள். நடப்பதுதான் நோக்கம், காட்சி கிடைத்தால் லாபம் என்றால் பலாபத்தல. பகலில் ஹட்டன் வழியாக ஏறி அதே வழியில் இறங்குவதுதான் இருப்பதில் மோசமான தேர்வு என்பது என் கருத்து: வெயிலும் உண்டு, முகிலும் உண்டு, காடும் இல்லை. ஆனால் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளும், நேரமில்லாத நம்மவர்களும் செய்வது அதைத்தான்.

எனக்குப் பிடித்தது பலாபத்தலவில் ஏறி நல்லதண்ணியில் இறங்குவது. பாபா பாதையில் ஏறி மாமா பாதையில் இறங்கிய பழைய ஆட்களின் ஏற்பாட்டை ஒத்தது. முந்தைய இரவு இரத்தினபுரியில் தங்கி, விடியுமுன்னே ஆட்டோ பிடித்துப் பலாபத்தல போய், ஐந்தரைக்கு நடையைத் தொடங்கினால் மதியம் ஒரு மணியளவில் மேலே இருக்கலாம். இறங்கும்போது பிற்பகல் ஆகிவிடுவதால் கிழக்குப் பக்கத்தில் இப்போது மலை நிழல் விழுந்திருக்கும். காலையில் சுட்டெரித்த அதே ஹட்டன் படிகள் மாலையில் சாதுவாகக் கிடக்கும். இறங்குகிற திசையிலேயே மவுசாகலைக் காட்சி கண் முன்னால் விரிந்திருப்பதால் திரும்பித் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். இரண்டு பாதைகளின் நல்ல பக்கமும் ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது.

இதன் விலை, பையை மலைமேல் சுமந்தே ஆக வேண்டும் என்பது. இரத்தினபுரியில் விட்டுவிட்டுப் போனால் அதை எடுக்க ஹட்டனிலிருந்து பாதி நாட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டிவரும். உடைகளைக் கொழும்பிலேயே வைத்துவிட்டு ஒரு மாற்றுச் சட்டை, குளிருக்கு ஒரு மேலாடை, மழைக்கோட்டு, டோர்ச் ஆகியவற்றோடு போவது உத்தமம். மேலே மதியத்திலும் காற்று நனைந்த சட்டையோடு சேர்ந்து நடுக்கிவிடும்.

எதிர்த்திசையைச் சிலர் சிபாரிசு செய்வதுண்டு: இரவில் ஹட்டன் பக்கம் ஏறி, உதயம் பார்த்து, பகல் வெளிச்சத்தில் பலாபத்தலவுக்கு இறங்குவது. காகிதத்தில் இதுதான் சிறந்த திட்டம், முக்கோண நிழலும் காடும் இரண்டுமே கிடைக்கும். முழங்கால்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். தூக்கமில்லாத உடம்போடு, பாசி பிடித்த படிகளில், ஏறியதைவிட ஒன்றரை மடங்கு இறங்குவது இளவட்டங்களுக்கு மட்டுமே ஆன காரியம்.

குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாக வரும் மூன்றாவது பாதையும் உண்டு. அது ஹெரமிட்டிபானவில் இரத்தினபுரிப் பாதையோடு சேர்ந்துகொள்கிறது. நிழலும் காடும் அதில் இன்னும் அதிகம், ஆள் நடமாட்டம் இன்னும் குறைவு. வழி தெரிந்த ஒருவர் கூட இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. மார்கழிப் போயாவிலிருந்து (முழுநிலா நாள்) வைகாசிப் போயா வரைதான் யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் கடைகள் இல்லை, விளக்குகள் இல்லை, தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதுவது பலாபத்தல பக்கத்தில். அந்த மாதங்களில் போயே ஆக வேண்டும் என்றால் ஹட்டன் பக்கம் மட்டும் போங்கள், அதுவும் பகலில். யாத்திரைக் காலத்துக்குள்ளேயும் போயா நாட்களையும் வார இறுதிகளையும் தவிர்ப்பது நல்லது. ஹட்டன் பக்கத்துக் கடைசிப் படிகளில் கூட்டம் நின்றுவிட்டால் மணிக்கணக்கில் நகராது. ஜனவரி, பெப்ரவரியில் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களையும் சிறுபிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பலாபத்தல பக்கம் போக வேண்டாம். பாதி வழியில் முடியாமல் போனால் ஹட்டன் பக்கம் பக்கத்துக் கடையில் உட்காரவைத்துவிடலாம், இங்கே அது முடியாது. நல்லதண்ணியில் இறங்குகிறவர்கள் மாலை ஆறு மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிடப் பாருங்கள். வாரநாட்களில் இருட்டிய பிறகு ஹட்டனுக்கு பஸ் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். மஸ்கெலியா வரைக்காவது ஓர் ஆட்டோவை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.